மணிநகை செய்வோரும் செய்முறையைப் பகிர்வோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுந்துபோன மணிமாலை ஒன்றைப் பழுதுபார்க்கக் கையில் எடுக்கும்போது, நான் முதலில் மணிகளைப் பார்ப்பதில்லை. நூல் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்றுதான் தேடுகிறேன். மணி உடைந்ததால் கெட்டுப்போன நகை அரிது. கொக்கியோடு நூல் சேரும் இடம், முடிச்சு விழுந்த இடம், கூரிய விளிம்புள்ள மணிக்குள் நூல் நுழையும் இடம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் குறை இருக்கும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் மணியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு நாளையே செலவிட்டுவிட்டு, நூலுக்கும் முனைகளுக்கும் கடைசிச் சில நிமிடங்களை மட்டுமே ஒதுக்குகிறார்கள். செய்த நகையைச் சக கைவினைஞர்களோடு பகிரும்போதும் இதே பிழைதான் நேர்கிறது: படத்தில் தெரிவதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, படத்தில் தெரியாத, ஆனால் நகையைத் தாங்கி நிற்கிற விவரங்களை விட்டுவிடுகிறோம்.

நூலிலிருந்து தொடங்குவோம். கையில் கிடைத்த தையல் நூலில் மணி கோப்பதுதான் மிகப் பரவலான தவறு. பருத்தி நூல் வியர்வையையும் ஈரத்தையும் உறிஞ்சி நாளடைவில் இற்றுப்போகும். கண்ணாடி மணியின் துளை விளிம்போ ஒவ்வோர் அசைவிலும் அதைச் சிறுகச் சிறுக அறுத்துக்கொண்டிருக்கும். இந்தத் தேய்மானம் புதிய செய்தி அல்ல. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் கிடைத்த, சுமார் 75,000 ஆண்டுகள் பழமையான நத்தை ஓட்டு மணிகளில், ஓடுகள் ஒன்றோடொன்றும் கோத்த நூலோடும் உரசித் தேய்ந்த தடங்களை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். மணி எஞ்சியது, நூல் எஞ்சவில்லை. நத்தை ஓட்டையே தேய்க்கும் உரசல் நம் நூலை என்ன செய்யும் என்று கோக்கத் தொடங்கும் முன்பே எண்ணிப்பார்க்க வேண்டும்.

சின்னஞ்சிறு பாசிமணிகளைப் பின்னும் வேலைக்கு நைலான் மணிநூல் நன்றாகவே உழைக்கும். ஆனால் அது இழுபடும் தன்மையுடையது; வெட்டியவுடன் இரு கைகளாலும் பிடித்து ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டுப் பயன்படுத்தாவிட்டால், அணிந்த சில நாட்களில் நூல் நீண்டு மணிகளுக்கிடையே இடைவெளி தெரியத் தொடங்கும். பட்டை தீட்டிய படிக மணிகளும், நீண்ட குழல் மணிகளும் விளிம்பு கூரானவை. அவற்றுக்கு, மீன்பிடி நரம்பாகப் புழக்கத்துக்கு வந்து பின்னர் மணிவேலைக்குப் பழக்கமான ஃபயர்லைன் போன்ற பின்னல் பாலிஎதிலீன் இழையே பொருத்தமானது. குழல் மணியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சிறு உருண்டை மணியைச் சேர்த்துக் கோத்தால், நூல் கூரான விளிம்பின்மேல் மடங்காமல் அந்தச் சிறு மணியின் வழவழப்பான துளையில் வளையும்; செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம் பல நகைகளைக் காப்பாற்றும். கல்மணிகள் போன்ற கனமானவற்றை நூலில் தொங்கவிடுவது சரியல்ல. நைலான் உறையிட்ட எஃகுக் கம்பிநூல் அதற்கென்றே இருக்கிறது. அது 7, 19, 49 இழைகள் கொண்ட வகைகளில் கிடைக்கிறது. இழை எண்ணிக்கை கூடக் கூட மடிப்பு விழாமல் மென்மையாக வளையும். மணியின் துளைக்குள் போகிற கம்பிகளில் மிகத் தடித்ததைத் தேர்ந்தெடுப்பதே நல்ல விதி, ஏனெனில் பெரிய துளைக்குள் ஆடும் மெல்லிய கம்பி இன்னும் வேகமாகத் தேயும்.

இந்தக் கம்பிநூலின் முனையை முடிச்சுப் போட்டு நிறுத்த முடியாது. கிரிம்ப் எனப்படும் சிறு உலோகக் குழலை நசுக்கித்தான் நிறுத்த வேண்டும். நான் பழுதுபார்த்தவற்றுள் மிகுதியானவை இந்த இடத்தில் விட்டுப்போனவையே என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சாதாரணப் பிளையரால் குழலைத் தட்டையாக நசுக்கினாலும் சில வகைக் குழல்கள் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தட்டையான விளிம்பு தோலைக் கீறும், கம்பியையும் அறுக்கும். கிரிம்ப் பிளையரில் இரண்டு பள்ளங்கள் உண்டு. கைப்பிடிக்கு அருகிலுள்ள உட்பள்ளத்தில் குழலை முதலில் வைத்து அழுத்தினால் நடுவில் ஒரு குழிவு விழுந்து, குழல் வழியே போன கம்பியும் கொக்கியில் நுழைந்து திரும்பிவந்த கம்பியும் இரு தனி அறைகளில் பிரிந்து அமரும். பிறகு வெளிப்பள்ளத்தில் குழலைத் திருப்பி வைத்து அழுத்தினால் அது உருண்டையாக மடிந்து மூடிக்கொள்ளும். நசுக்கும் நேரத்தில் அந்த இரு கம்பிகளும் குழலுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிட்டிருந்தால், பிடிப்பு வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும் இழுத்தால் நழுவிவிடும். கம்பியின் வால்பகுதியைக் குழலை ஒட்டி வெட்டிவிடுவது அடுத்த தவறு; அதை அடுத்துள்ள மணிகளுக்குள் சுமார் 2 சென்டிமீட்டராவது மறைத்துச் செலுத்திவிட்டு வெட்ட வேண்டும். மணிகளை ஒன்றோடொன்று நெருக்கி இறுக்கமாகக் கோப்பதும் தவறே. அப்படிக் கோத்த மாலை கழுத்தில் வளையாமல் விறைத்து நிற்பதோடு, வளைக்கும்போது முழு அழுத்தமும் கிரிம்ப்மேல் போய் விழும். முனையில் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தளர்வு விட்டால் போதும்.

எலாஸ்டிக் நூலில் செய்யும் கைச்சங்கிலி எளிதாகத் தோன்றுவதால் அதில் பிழைகளும் அதிகம். கோப்பதற்கு முன் அதையும் இழுத்து விட வேண்டும். சாதாரண முடிச்சு அதில் வழுக்கி அவிழும். இரண்டு சுற்றுகள் சுற்றி இறுக்கும் அறுவை முடிச்சே நிற்கும். முடிச்சின்மேல் உடனடிப் பசையை ஊற்றுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பசை உலர்ந்ததும் விறைத்து, அதன் ஓரத்திலேயே நூல் முறிய இடம் கொடுக்கிறது. அருகிலுள்ள மணிகளில் வெண்படலமும் படிகிறது. உலர்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் நகைப்பசையை ஊசிமுனை அளவு வைத்து, முழுதாக உலர்ந்த பிறகே முடிச்சை மணிக்குள் இழுத்து மறைக்க வேண்டும்.

இணைப்பு வளையத்தை இரு பக்கமும் விரித்துத் திறந்தால் அதன் வட்டம் கெட்டு, மறுபடி பொருந்தி மூடாது. இரண்டு பிளையர்களால் பிடித்து ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னும் திருப்பித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். நுண்ணிய நூல் இணையும் இடத்தில் வெட்டுவாயுள்ள வளையத்தையே பயன்படுத்தாமல், பற்றவைத்து மூடிய வளையத்தைப் பயன்படுத்துவது நல்லது.

அளவில் நேரும் தவறு வேறு வகையானது. இங்கே கை தவறுவதில்லை, கணக்குத்தான் தவறுகிறது. மணிக்கட்டின் சுற்றளவை அளந்து, அதே நீளத்துக்கு மணிகளைக் கோத்து, ‘ஏன் இறுகுகிறது’ என்று வியப்பவர்கள் பலர். மணிகளைத் தட்டில் நேராக அடுக்கும்போது நாம் அளப்பது அவற்றின் நடுக்கோட்டு நீளம். ஆனால் தோலைத் தொடுவது உள்வட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மணியின் விட்டத்தைப் போல் சுமார் 3.14 மடங்கு. ஆகவே 2 மில்லிமீட்டர் பாசிமணியில் கோத்தால் இழப்பு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். 10 மில்லிமீட்டர் உருண்டை மணியில் கோத்தால் அதுவே 3 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. அசைவுக்கு வேண்டிய தளர்வையும், கொக்கியின் நீளத்தையும் இதனோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மணியின் எண்ணும் பலரைக் குழப்புகிறது. பாசிமணிகளில் எண் ஏற ஏற மணி சிறுக்கும்: 8ஆம் எண் சுமார் 3 மில்லிமீட்டர், 11ஆம் எண் சுமார் 2 மில்லிமீட்டர், 15ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர். ஆனால் 11 என்று எழுதியிருப்பவை எல்லாம் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பி, வெவ்வேறு தயாரிப்பாளர்களின் மணிகளைக் கலந்து ஒரே பின்னலில் இடக்கூடாது. மியுகி, டோஹோ போன்ற ஜப்பானிய மணிகள் பொதுவாக ஒரே சீராகவும் துளை பெரிதாகவும் இருக்கும். செக் நாட்டு மணிகள் சற்றே தட்டையாகவும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாட்டோடும் வரும். செக் மணியின் அந்தச் சீரின்மை கயிறுபோன்ற பின்னல்களில் தனி அழகு என்றே நான் கருதுகிறேன். ஆனால் கட்டங்களாக நிரல்படும் பட்டைப் பின்னலில் அதுவே ஓரத்தை நெளியச் செய்துவிடும். ஒரே பையிலுள்ள மணிகளிலும் மிக மெலிந்ததையும் தடித்ததையும் பொறுக்கி ஒதுக்காமல் பின்னத் தொடங்குவது பின்னால் நிறைய அவிழ்ப்பு வேலையைத் தரும்.

நிறம் நிலைக்குமா என்பதை வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். சில மணிகளை, நகப்பூச்சை அகற்றப் பயன்படும் அசிட்டோனில் ஊறவைத்துப் பார்த்தால் மேற்பூச்சு மட்டுமே உள்ளவை சாயம் விடும். இன்னும் சிலவற்றை வெயில் விழும் சன்னலிலும், அதே மணிகளில் பாதியை இருண்ட பெட்டியிலும் சில வாரங்கள் வைத்து ஒப்பிட்டால், சாயமேற்றிய மணிகளின் உண்மை தெரிந்துவிடும். உலோகப் பளபளப்பு பூசிய மலிவான மணிகளை மோதிரத்திலும் கைச்சங்கிலியிலும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அங்கேதான் வியர்வையும் உரசலும் மிகுதி. முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. எலுமிச்சைச் சாறோ வினிகரோ கலந்த நீரில் அவற்றைத் துலக்கினால் மேற்பரப்பு கரைந்து ஒளி மங்கும். மென்மையான ஈரத்துணியால் துடைப்பதே போதும்.

காதணிக் கம்பியின் உலோகத்தைப் பற்றி யோசிக்காமல் விடுவது மற்றவரின் உடலைப் பாதிக்கும் தவறு. நிக்கல் ஒவ்வாமை பரவலானது. ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலைத் தொடும் நகைகளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேலும், குத்திய துளைக்குள் செல்லும் பகுதியிலிருந்து 0.2 மைக்ரோகிராமுக்கு மேலும் நிக்கல் வெளிப்படக் கூடாது என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. டைட்டேனியம், நியோபியம் ஆகியவற்றை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். காந்தக் கொக்கிகள் வசதியானவை என்றாலும், இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்கும், எதையும் வாயில் இட்டுக்கொள்ளும் வயதிலுள்ள குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் அவற்றைக் கொடுக்காதீர்கள்.

இனி, செய்ததைப் பகிர்வது பற்றி. நகையை முடித்த அன்றே அதன் செய்முறையைச் சக கைவினைஞர்களுக்குத் தந்துவிடுவதை நான் பெரிய தவறாகவே எண்ணுகிறேன். உற்சாகம் புரிகிறது, முடித்த கையோடு காட்ட வேண்டும் என்ற ஆவல் எல்லோருக்கும் உண்டு. படத்தை மட்டும் காட்டுங்கள். செய்முறையைத் தருவதற்கு முன் அந்த நகையைச் சில வாரங்கள் நீங்களே அணிந்து பாருங்கள். உடையில் சிக்குகிறதா, தொங்கட்டான் புரண்டு பின்பக்கம் காட்டுகிறதா, நூல் நீள்கிறதா என்பதெல்லாம் அணிந்தால்தான் தெரியும். நீங்கள் கண்டுகொள்ளாத குறையை, உங்கள் சொல்லை நம்பிச் செய்யும் பத்துப் பேரும் தங்கள் மணியையும் நேரத்தையும் செலவழித்துக் கண்டுபிடிக்க நேரக் கூடாது.

செய்முறையில் ‘சிறிய நீல மணி’ என்று எழுதினால் அதைக்கொண்டு எவராலும் அதே நகையைச் செய்ய முடியாது. மணியின் எண், தயாரிப்பாளர், நிறக் குறியீடு, எத்தனை மணிகள் அல்லது எத்தனை கிராம், நூலின் வகையும் தடிமனும், ஒரு தடவைக்கு எவ்வளவு நீளம் வெட்டிக்கொண்டீர்கள், கொக்கியையும் சேர்த்து முடிந்த நீளம் எவ்வளவு என்பவை எல்லாம் வேண்டும். முதல் வரிசையையும் கடைசி முடிப்பையும் ‘வழக்கம்போல’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுவது அனுபவசாலிகள் செய்யும் பிழை. கற்றுக்கொள்கிறவர் தடுமாறுவது அந்த இரண்டு இடங்களில்தான். எழுதி முடித்ததும், நீங்கள் அருகில் இல்லாதபோது வேறொருவர் அதைப் படித்துச் செய்துபார்க்கட்டும். அவர் எங்கே நின்று யோசித்தாரோ அந்த வரியைத் திருத்துங்கள். படம் எடுக்கும்போது நேர் வெயிலையும் மஞ்சள் விளக்கையும் தவிர்த்து, பகலின் நிழல் வெளிச்சத்தில் எடுங்கள். நகையின் முகப்பைப் போலவே பின்பக்கத்தையும் கொக்கி இணையும் இடத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோலோடு காட்டுங்கள்.

பிறருடைய வடிவத்தைப் பகிர்வதில் இன்னும் கவனம் வேண்டும். பின்னல் முறைகள் பொதுச் சொத்து. செங்கல் அடுக்குபோல் மணிகள் அமையும் பின்னலுக்கு எவரும் உரிமை கோர முடியாது. ஆனால் ஒருவர் வரைந்த கட்டப்படமும் அவர் எழுதிய விளக்கமும் அவருடைய உழைப்பு. அதைப் படியெடுத்து வழங்குவது, காசு வாங்காமல் வழங்கினாலும் தவறுதான். இரண்டு நிறங்களை மாற்றிவிட்டு ‘என் வடிவம்’ என்று சொல்வதும் அப்படியே. யாரிடமிருந்து கற்றோம் என்பதை ஒரு வரியில் சொல்வதால் நம் கைத்திறன் குறைந்துவிடாது. நீலச் சாயமேற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல்லை, இயற்கையிலேயே நீலமான டர்காய்ஸ் கல் என்றும், வெட்டிய கண்ணாடியைக் கல் என்றும் சொல்லி மணிகளைப் பகிர்ந்துகொள்வதும் இதே வகைப் பொய்தான். ஹௌலைட் அழகான கல், அதன் பெயரிலேயே கொடுக்கலாம்.

ஒருவர் தம் நகையைக் காட்டிக் கருத்துக் கேட்கும்போது ‘மிக அழகு’ என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவதில் அன்பு இருக்கிறது, ஆனால் உதவி இல்லை. அவர் கேட்டிருந்தால், கொக்கிப் பக்கம் எடை மிகுந்திருப்பதையோ மூன்றாவது வரிசையில் இழுப்பு தளர்ந்திருப்பதையோ குறித்துச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் சொல்லாதீர்கள். நம் செய்முறைப்படி செய்த நகை அறுந்துவிட்டது என்று யாரேனும் சொன்னால், அவர் சரியாகச் செய்யவில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்த இடத்தில் அறுந்தது என்று கேட்டு, நம்மிடமுள்ள நகையின் அதே இடத்தை இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கே தளர்வு தெரிந்தால், திருத்தத்தைச் செய்முறையின் முதல் வரியிலேயே, ஏற்கெனவே செய்துவிட்டவர்களுக்கும் கண்ணில் படும்படி எழுத வேண்டும்.