பழைய சுண்ணாம்புச் சுவரைத் திருத்துவது எப்படி?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், தம்பலகாமம், மூதூர் பக்கத்துப் பழைய மடமோ கோயில் மதிலோ அடியில் உதிரத் தொடங்கினால் மேசன்மார் உடனே சீமெந்தைக் குழைப்பார்கள். கேடு அங்கேதான் தொடங்குகிறது. அத்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியே வெளியேறிவிடும். சீமெந்து அதை அடைத்துவிடும். உள்ளே தங்கும் உப்பு செங்கல்லை மாவாக்கும். பார்வைக்குச் சுவர் புதிது, தட்டினால் பொள்ளென்று கேட்கும்.

1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடமென்றால் கை வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

முதலில் கூரை ஒழுக்கை அடைத்துவிடுங்கள். சுவரடியில் குவிந்த மண்ணை உள்தரையைவிட அரையடி தாழ வெட்டுங்கள். பிறகு சீமெந்தைச் சிற்றுளியால், சாய்த்துப் பிடித்துக் கழற்றுங்கள். செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. பூத்த உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகத் தட்டுங்கள். கழுவினால் கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். சில கிழமை காயவிடுங்கள்.

மணலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கடற்கரை மணல் என்றால் உப்பை நாமே சுவருக்குள் ஏற்றுவதுதான். ஆற்று மணலை அரித்து, போத்தலில் பாதிக்குப் போட்டு, நீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே படியும் சேறு மணலில் பத்திலொரு பங்கைத் தாண்டினால் கழுவியே ஆகவேண்டும்.

அக்காலத்தில் சுண்ணாம்புக்கு முருகைக்கல்லை, அதாவது கடற்பவளப் பாறையை, சுட்டார்கள். இப்போது அதை எடுக்கத் தடை, சுண்ணாம்புக்கல் போதும். சுட்ட கல்லைத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறித்துக் கண்ணையே கெடுக்கும். நீற்றியதை வடித்து, மேலே நீர் நிற்க ஒரு மாதமாவது வையுங்கள்.

சாந்துக்கு 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல். தண்ணீர் கூட்டாமல் நன்றாக மிதித்துக் குழைத்தால் தானே இளகும். சுவரை முதல்நாள் மாலையும் பூசுமுன்னும் நனையுங்கள், இல்லையேல் பூச்சு பிடிக்காது. ஒரு பூச்சு 10 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. அடுத்ததற்கு ஒரு கிழமை பொறுங்கள். முதல் பூச்சைக் கீறிவிட்டால் இரண்டாவது பற்றிக்கொள்ளும்.

மாரி முடிந்த மாசி, பங்குனி இதற்கு ஏற்ற காலம். கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும்போது பூச்சு இறுகுமுன் காய்ந்து, விரலால் தேய்த்தாலே பொடியாகும். வேறு வழியில்லையென்றால் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காலை மாலை தெளியுங்கள். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் தடித்த பூச்சு அல்லது கூடிய சுண்ணாம்பு.

முடிவில் பால் பதத்துச் சுண்ணாம்பு நீரை மெல்லியதாக நான்கு தடவை அடியுங்கள். எமல்ஷன் பெயின்ற் அடித்தால் சீமெந்து செய்த அதே அடைப்புத்தான்.