திருவான்மியூர் மணலை உயிருள்ள மண்ணாக்குவது எப்படி?

எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி. பின்கட்டில் பத்துக்குப் பத்தடி இடம், அத்தனையும் மணல். மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டினேன். ஒரே ஐப்பசி மழையில் சத்தெல்லாம் கீழே இறங்கிவிட்டது. சத்தைப் பிடித்து வைக்க மணலில் மக்கு, அதாவது மக்கிய இலைதழை, வேண்டும். அந்த மக்கை அங்கேயே விளைவித்துக்கொள்ளலாம். களிமண் நிலத்துக்கும் இதே வழிதான். அங்கே மக்கு சேர்ந்தால் இறுக்கம் தளரும்.

முதலில் பலதானிய விதைப்பு. ஆடியில் ஒரு மழை விழுந்ததும் தொடங்குங்கள். கம்பு, சோளம், தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்து, எள், கொத்தமல்லி, சணப்பை எல்லாம் கலந்து 60 கிராம் போதும். லேசாகக் கொத்தித் தூவி, மண்ணால் மூடி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள்.

ஒரு மாதம் கழித்து ஒரு தட்டைப்பயறுச் செடியை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டும். காற்றிலிருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) நுண்ணுயிர்கள் செடிக்குச் சேர்த்துத் தருகின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். முதன்முதலில் அந்த நிறத்தைப் பார்த்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

45 முதல் 50 நாளில், பூ எடுக்கும் தறுவாயில், தரையோடு அறுத்து அங்கேயே பரப்புங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம். அது மண்ணுக்குள்ளேயே மக்கட்டும்.

அடுத்து ஜீவாமிர்தம், மண்ணில் நுண்ணுயிர்களைப் பெருக்கும் கரைசல். இயற்கை விவசாயி சுபாஷ் பாலேக்கர் ஒரு ஏக்கருக்குச் சொல்லும் 200 லிட்டர் கணக்கை நமக்கு 10 லிட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். நாட்டு மாட்டுச் சாணம் அரை கிலோ, கோமியம் அரை லிட்டர், வெல்லம் 100 கிராம், கடலை மாவு 100 கிராம், ரசாயனம் படாத மண் ஒரு பிடி. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது நுண்ணுயிர்களுக்கு ஆகாது. முந்தின நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் கரைத்து, துணியால் மூடி, நிழலில் 48 மணி நேரம். காலையும் மாலையும் குச்சியால் கலக்குங்கள். பிறகு ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஒரு லிட்டருக்குப் பத்து லிட்டர் தண்ணீர் சேர்த்து, ஈர மண்ணில் சாயங்காலமாக ஊற்றுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். மிச்சத்தை முருங்கைக்கும் தென்னைக்கும் விடலாம்.

பலரும் செய்யாமல் விட்டுவிடுவது மூடாக்கை, அதாவது மண்ணைச் சருகால் மூடுவதைத்தான். சென்னை வெயிலில் வெறும் மண்ணில் ஜீவாமிர்தம் ஊற்றுவது வீண். மேல்மண் காய்ந்து சுட்டால் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் அங்கே தங்காது. அறுத்த செடிகளின்மேல் புங்க இலை, தெருவில் கூட்டிய வேப்பஞ்சருகு, தென்னை மட்டைத் துண்டு என்று நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள். மக்கி இறங்க இறங்க மறுபடி போடுங்கள்.

புரட்டாசியில் சருகை விலக்கிக் குழி பறித்து, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடலாம். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் மழையில் தண்டு அழுகும். வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாட்களில் ஜீவாமிர்தம் ஊற்ற வேண்டாம்; மழை விட்டு இரண்டு நாள் கழித்து ஊற்றுங்கள்.