கான்கிரீட்டில் அட்மிக்ஸர்: வேலைத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கான்கிரீட் இளகி ஓடுவதும் இறுகத் தொடங்குவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்றாலும், கலவையின் தன்மையை மாற்றக் கேனிலிருந்து ஊற்றும் அட்மிக்ஸர் என்ற ஒரே திரவம் பெரும்பாலும் இரண்டையும் பாதிக்கிறது. தண்ணீர் பட்டதும் திரண்டுகொள்ளும் சிமெண்ட் துகள்களைப் பிரித்து, இடையில் சிக்கிய நீரை விடுவிப்பது சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற அட்மிக்ஸர் வகையின் வேலை. ஆனால் அதற்காகத் துகள்களின் மேல் படியும் மூலக்கூறுகளே சிமெண்டின் நீரேற்றத்தையும் ஓரளவு தாமதப்படுத்துகின்றன. ஓட்டம் போதவில்லை என்று கண்ணளவில் இன்னொரு குவளை ஊற்றினால், ஜல்லி அடியில் தங்கிச் சாந்து மேலே பிரிவதோடு, மறுநாளும் தளம் இறுகாமல் கிடக்கலாம். சிமெண்ட் வகைப் பொருள்களின் எடையில் ரிடார்டர் (இறுகலைத் தாமதப்படுத்துவது) 0.5, பிளாஸ்டிசைசர் (ஓட்டத்தைக் கூட்டும் சாதாரண வகை) 1.0, சூப்பர் பிளாஸ்டிசைசர் 2.0 விழுக்காட்டைப் பொதுவாகத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறியான ஐ.எஸ். 456:2000. அது உச்சவரம்புதான், போட வேண்டிய அளவு அன்று.

அந்த அளவைச் சோதனையே சொல்ல வேண்டும். சிமெண்டிலுள்ள டிரைகால்சியம் அலுமினேட், ஜிப்சம் ஆகிய சேர்மங்களின் அளவு பிராண்டுக்குப் பிராண்டு மாறுவதால், ஒரு சிமெண்டோடு ஒரு மணி நேரம் ஓட்டம் காத்த அட்மிக்ஸர், இன்னொன்றோடு கால் மணி நேரத்திலேயே கான்கிரீட்டை விறைக்க விட்டுவிடலாம். மார்ஷ் கோன் புனலில் சிமெண்ட் கூழ் வடியும் நேரத்தை வெவ்வேறு அளவுகளில் குறித்தால், அதற்குமேல் ஊற்றியும் பயனில்லாத ஓர் எல்லை தெரியவரும்; கலந்த உடனே மட்டுமன்றி, ஒரு மணி நேரம் கழித்தும் பார்ப்பது அவசியம். சூப்பர் பிளாஸ்டிசைசரில் பாலிகார்பாக்சிலேட் வகையைப் பயன்படுத்துவோர் மணலையும் கவனிக்க வேண்டும்: எம்-சாண்டில் களிமண் கலந்திருந்தால் அது அட்மிக்ஸரை உறிஞ்சிவிடும், பழி சிமெண்டின் மேல் விழும்.

உலர்ந்த சிமெண்டின் மேல் அட்மிக்ஸரை நேராக ஊற்றுவது வீண். நீரின் பெரும்பகுதி சேர்ந்து கலந்த பின்னரே ஊற்ற வேண்டும். ஆலையில் கலந்து வரும் ரெடிமிக்ஸ் விறைத்துவிட்டால் வேலைத்தளத்தில் அதில் தண்ணீர் விடுவது அதைவிட மோசம், ஏனெனில் இளக்கத்தோடு வலிமைக் குறைவும் வந்து சேர்கிறது.

சுண்ணாம்புச் சாந்தில் வெல்லநீர் சேர்த்த மரபைச் சிமெண்டுக்குக் கொண்டுவருவதும் ஆபத்தே. மூட்டைக்கு 25 கிராம் சர்க்கரையே இறுகலைச் சில மணி நேரம் தள்ளிப்போடும்; அளவு இன்னும் கூடினால் இறுகுவதே நின்றுபோகலாம். மாறாக, விரைவாக இறுக வேண்டி கால்சியம் குளோரைடைக் கம்பி கட்டிய கான்கிரீட்டில் போட்டால், கம்பி துருப்பிடிக்கும்.

ரிடார்டர் போட்ட தளம் நெடுநேரம் இறுகாமல் இளகியே இருப்பதால், வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பு காய்ந்து வெடிப்பு விழ வாய்ப்பு அதிகம். தேய்த்து முடித்தவுடன் பாலித்தீன் விரிப்பால் மூட வேண்டும். தூண் பக்கப் பலகைகளை வழக்கம்போல் 16 முதல் 24 மணி நேரத்தில் பிரிக்கலாம் என்ற கணக்கும் அங்கே செல்லாது. கான்கிரீட் இறுகியதைப் பார்த்தே பிரிக்க வேண்டும்.