முதுகெலும்பு வாதத்தோடு இங்கிலாந்து வருபவர்களுக்கு

அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு வாதம் இருப்பவர்கள் ஊரிலிருந்து கிளம்பும்போது அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது வழக்கம். நானும் அடுக்கினேன். பழைய மருந்துச் சீட்டுகளைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், ஏன் நிறுத்தினீர்கள், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த நோய்க்கான எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், எம்ஆர்ஐ ஸ்கேன் இருந்தால் அவையும் வரட்டும்.

வந்த வாரமே ஜிபி எனப்படும் குடும்ப டாக்டரிடம் பதிவு செய்துவிடுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று ரிசப்ஷனிலிருந்து திரும்பி வராதீர்கள், அது கட்டாயமில்லை. டாக்டரிடம் வெறுமனே முதுகு வலி என்றால் சாதாரண வலியாகப் போய்விடும். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, படுத்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது என்று விவரமாகச் சொன்னால்தான் ருமட்டாலஜி என்ற வாத நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

வலிக்குப் பெரும்பாலும் நாப்ராக்ஸென் மாத்திரைதான் தருகிறார்கள். எனக்கு 500 மி.கி., காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின்; வயிற்றுக்குக் காவலாக ஓமெப்ரசோல். உடம்பு தாங்கும் அதிகபட்ச அளவில் 2 முதல் 4 வாரம் எடுத்தும் வலி அடங்காவிட்டால் இதே வகையில் வேறொன்றுக்கு மாற்றலாம் என்பது இங்கே சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டல். வலி குறைந்தது என்று நாமாக விட்டுவிட்டு, பத்து நாள் கழித்து மறுபடி ஆரம்பித்தால் மருந்து கேட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. பின்னால் மாத்திரை போதாமல் அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்து ஊசி தேவைப்பட்டால் இந்தக் கணக்கைத்தான் கேட்பார்கள்.

அப்புறம், நாப்ராக்ஸெனோடு ஊர் அட்டையையோ கடையில் வாங்கிய ஐபுபுரூஃபனையோ சேர்த்துப் போடாதீர்கள். வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம், கிட்னிக்கும் கேடு. மலம் தார் போலக் கறுத்தால் நிறுத்திவிட்டு நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பிரஷர், ஆஸ்துமா இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லுங்கள்.

விசாவோடு கட்டிய சுகாதாரக் கட்டணத்தில் மாத்திரைச் செலவு அடங்காது. இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். மாதாமாதம் இரண்டு மருந்து என்றால் வருடத்துக்கு 237 பவுண்டைத் தாண்டும். அதற்குப் பதில் 114.50 பவுண்டுக்கு, மருந்துக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிடும் வருடச் சீட்டு ஒன்று உண்டு, PPC என்பார்கள். பத்துத் தவணையிலும் கட்டலாம். ஸ்காட்லாந்திலோ வேல்ஸிலோ வேலை கிடைத்தவர்களுக்கு இந்தச் செலவே கிடையாது, கொடுத்துவைத்தவர்கள்.