புத்தகத்தை மூடிவைத்துப் படியுங்கள்: டெல்டாவிலிருந்து பைலட் தேர்வு எழுதுகிறவர்களுக்கு

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போதெல்லாம் அடிக்கடி ஃபோன் பண்ணிக் கேட்கிறார்கள்: "அக்கா, சிபிஎல் பரீட்சைக்கு எப்படிப் படிக்கிறது?" நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவள். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. இப்போது துணை விமானியாக வேலை பார்க்கிறேன். சிபிஎல் என்பது வணிக விமானி உரிமம், அதற்கான தேர்வை நடத்துவது டிஜிசிஏ என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். டிஜிசிஏ தாள்களுக்குப் பெரும்பாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன். ஃபோனில் ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

தாள்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏர் நேவிகேஷன் (வழி காணுதல்), மெட்டியோராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன் (விமான விதிகள்), டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். கணினியில் விடையைத் தேர்ந்தெடுத்து எழுதும் தேர்வு. 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். ரேடியோவில் பேசுவதற்கான உரிமத் தேர்வான ஆர்டிஆர் தனி.

முதலில் கேள்வி வங்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்காதீர்கள். ஆயிரம் கேள்வியையும் விடையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தால், கேள்வியைப் பார்த்ததும் 'சி' என்று கை போகும். அது தெரிந்த மாதிரியே இருக்கும். எண்ணை மாற்றிக் கேட்டாலோ 'இவற்றில் எது தவறு' என்று திருப்பிக் கேட்டாலோ கையில் ஒன்றும் இருக்காது. ஒரு பாடத்தைப் படித்து, புரிந்து, உங்கள் வாயால் சொல்லிப் பார்த்த பிறகுதான் அந்தப் பாடத்தின் கேள்விகளைத் தொட வேண்டும்.

'வாயால் சொல்லிப் பார்ப்பது' என்றால் என்ன என்று விவரமாகச் சொல்கிறேன். நான் படித்த முறையில் பாதி இதுதான்.

ஒரு தலைப்பை முக்கால் மணி நேரம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்களுக்குத் தமிழில் விளக்குங்கள். எனக்கு என் அப்பாயி கிடைத்தார். கடல்காற்றுப் பாடத்தை அவரிடம் சொன்னேன். வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும், நிலத்துக்கு மேலே காற்று சூடாகி எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும், அதனால்தான் மத்தியானத்துக்கு அப்புறம் நம் ஊருக்குக் கடல்காற்று வருகிறது என்றேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சரி, அடைமழைக் காலத்துல ஏன் அந்தக் காத்து வர மாட்டேங்குது?" என்று கேட்டார். புத்தகத்தில் அந்தக் கேள்விக்கு நேரடியாக ஒரு வரியும் இல்லை. யோசித்தால் விடை வந்துவிடுகிறது. மேகம் மூடியிருந்தால் நிலம் சூடாகாது, நிலத்துக்கும் கடலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்துவிடும், மேலே பருவக்காற்றும் வலுவாக வீசும். அன்றைக்கு எனக்குக் கடல்காற்று முழுசாகப் புரிந்தது. உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவரிடம் சொல்லுங்கள்.

தமிழில் விளக்கி முடித்ததும் அதையே நாலு வரி ஆங்கிலத்தில் எழுதுங்கள், புத்தகத்தைப் பார்க்காமல். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வரும்போது கலைச்சொற்கள் தடுமாறக் கூடாது. தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த இரண்டாவது படியை விட்டுவிடுகிறார்கள், ஆங்கிலவழியில் படித்தவர்கள் முதல் படியை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேண்டும்.

அதே தலைப்பை மறுநாள் ஒருமுறை, நாலு நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூடிய புத்தகத்தோடு சொல்லிப் பாருங்கள். மறந்துபோன இடத்தை மட்டும் திறந்து படியுங்கள். முழுப் பாடத்தையும் மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

மெட்டியோராலஜிக்கு நம்மைப் போல் வசதியான ஊர்க்காரர்கள் யாரும் இல்லை என்று நான் நினைக்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டும்போது நமக்கு ஏன் மழை குறைவு, ஐப்பசி கார்த்திகையில் ஏன் கொட்டுகிறது என்பதை நாம் சம்பா நடவிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறோம். மலையின் மறைவுப் பக்கம், வடகிழக்குப் பருவக்காற்று வங்காள விரிகுடாவில் ஈரத்தை எடுத்து வருவது, இதெல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டிய விஷயமே கிடையாது.

மார்கழி மூடுபனியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியேஷன் ஃபாக் உருவாகத் தெளிந்த வானம், லேசான காற்று, தரையருகே ஈரம் மூன்றும் வேண்டும் என்று புத்தகம் சொல்லும். தண்ணீர் நிற்கிற வயல்வெளியில் விடியற்காலை போய் நில்லுங்கள். ராத்திரி நட்சத்திரம் தெரிந்ததா, காற்று எப்படி, பனி எத்தனை மணிக்குக் கலைகிறது என்று குறியுங்கள். காற்றே இல்லாத நாளில் வரப்புப் புல்லில் வெறும் பனித்துளியோடு நின்றுவிடும். கொஞ்சம் அசைவு இருந்தால்தான் மூடுபனி மேலே ஏறும். பார்வைத் தூரம் 1000 மீட்டருக்குக் கீழே போனால்தான் அது ஃபாக், அதற்கு மேல் மிஸ்ட். உங்கள் ஊர்ப் பாலத்திலிருந்து எந்த மரம் வரை ஒரு கிலோமீட்டர் என்று வண்டி மீட்டரில் அளந்து வைத்துக்கொண்டால், காலையில் ஒரு பார்வையிலேயே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம்.

பைஸ் பாலட் விதியும் அப்படித்தான். வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் உங்கள் இடது கைப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியதை இங்கே யாரும் மறக்கவில்லை. தென்னந்தோப்பு சாய்ந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் இதைப் படிப்பீர்கள். புயல் கிழக்கே கடலில் இருக்கும்போது நமக்கு வடக்கிலிருந்து காற்று. முதுகைக் காட்டினால் முகம் தெற்கே, இடது கை கிழக்கே கடலைக் காட்டும். மையம் நம்மைத் தாண்டி மேற்கே போனதும் காற்று தெற்கிலிருந்து வரும், இடது கை மேற்கைக் காட்டும். பெரியவர்கள் "காத்து திருப்பி அடிச்சுது" என்று சொல்வது இதைத்தான். வாசலில் நின்று கையை நீட்டி இருமுறை செய்து பாருங்கள், பரீட்சை ஹாலில் மறக்காது.

தினமும் காலையில் திருச்சி விமான நிலையத்தின் மீட்டார் என்ற வானிலை அறிக்கையை எடுத்து, உதவி இல்லாமல் பிரித்து எழுதுங்கள். உதாரணமாகக் காற்று 060 டிகிரி, 12 நாட் (மணிக்கு 12 நாட்டிக்கல் மைல்) என்று இருந்தால் அதோடு விடாதீர்கள். திருச்சியின் ஓடுபாதை 09/27, அதாவது 90 டிகிரி, 270 டிகிரித் திசை. 09-ல் இறங்கினால் காற்று 30 டிகிரி இடதுபுறம். 30 டிகிரிக்குச் சைன் அரை, ஆகவே பக்கக் காற்று 6 நாட், எதிர்காற்று ஏறக்குறைய 10. மீட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்து, ஓடுபாதை எண் காந்த வடக்கை வைத்து என்பதையும் அப்போதே நினைவில் ஏற்றுங்கள். நம் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம்தான், கேள்வியில் அப்படி இருக்காது.

நேவிகேஷனில் நிறையப் பேர் பயப்படுவது நேரக் கணக்குக்கும் தூரக் கணக்குக்கும். உங்கள் ஊரை வைத்தே போடுங்கள். திருத்துறைப்பூண்டியின் தீர்க்கரேகை கிழக்கே 79 டிகிரி 38 நிமிடம். இந்திய நேரம் 82 டிகிரி 30 நிமிடத்தை வைத்து. வித்தியாசம் 2 டிகிரி 52 நிமிடம். ஒரு டிகிரிக்கு 4 நிமிட நேரம், ஒரு கோண நிமிடத்துக்கு 4 விநாடி. 8 நிமிடமும் 208 விநாடியும், அதாவது 11 நிமிடம் 28 விநாடி. நம் ஊர் சூரிய நேரம் கடிகாரத்தைவிட அவ்வளவு பின்னால்.

இன்னொன்று. தஞ்சாவூரும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 10 டிகிரி 47 நிமிடத்தில் இருக்கின்றன. தீர்க்கரேகை 79 டிகிரி 08 நிமிடம், 78 டிகிரி 42 நிமிடம். வித்தியாசம் 26 நிமிடம். நிலநடுக்கோட்டில் ஒரு கோண நிமிடம் ஒரு நாட்டிக்கல் மைல். அதை அட்சரேகையின் கொசைனால், அதாவது 0.98-ஆல் பெருக்கினால் 25.5 நாட்டிக்கல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் சுமார் 47 கிலோமீட்டர். பஸ்ஸில் போனவர்களுக்கு விடை சரியாக இருக்கும் என்று உடனே தெரியும். தப்பாகப் பெருக்கி 470 வந்தாலும் உடனே தெரியும். இந்தச் சரிபார்க்கும் பழக்கம்தான் முக்கியம். விடை வந்ததும் 'இது நடக்கக்கூடியதா' என்று ஒரு நொடி பாருங்கள். 120 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 2 நாட்டிக்கல் மைல். 36 மைலுக்கு 18 நிமிடம். 30 மைல் ஓடியபின் 3 மைல் விலகியிருந்தால், அறுபதுக்கு ஒன்று விதிப்படி (60 மைலில் 1 மைல் விலகினால் 1 டிகிரி) 6 டிகிரி பிழை. இப்படி மனக்கணக்கு ஓடினால் ஃப்ளைட் கம்ப்யூட்டர் என்ற வட்டக் கணக்கு அட்டையைச் சுழற்றி வந்த விடையை நம்பலாமா என்று தெரிந்துவிடும்.

வீட்டுச் சுவரில் ஒரு பழைய கடிகாரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓட விடுங்கள். காலை ஐந்தரைக்கு முன்னால் எழுந்து படிக்கிறவர்களுக்கு அங்கே இன்னும் நேற்றைய தேதி. தேதி மாறும் கேள்விகளில் நிறையப் பேர் விடுகிற இடம் அது.

டெக்னிக்கலுக்கு ஒரே வழி, படம். எஞ்சின், எரிபொருள் பாதை, ஆல்டிமீட்டர் (உயரமானி), எல்லாவற்றையும் பார்க்காமல் வரைந்து அம்புக்குறி போடுங்கள். கார்புரேட்டரில் ஐஸ் கட்டுவது வெளியே 25 டிகிரி இருந்தாலும் நடக்கும் என்றால் நம் பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். குறுகிய வழியில் காற்று பாயும்போதும் எரிபொருள் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் சட்டென இறங்குகிறது, நம் கடலோர ஈரக் காற்றில் அதற்கு வேண்டிய நீராவி தாராளம். படம் போட்டால் இது ஒரு நிமிட வேலை.

ரெகுலேஷனைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அது சீக்கிரம் மறக்கும். 1944 சிகாகோ உடன்படிக்கை, அதன் 19 இணைப்புகள், ஆபத்தைத் தெரிவிக்கும் 7500, 7600, 7700 குறியீடுகள், விளக்குச் சமிக்ஞைகள் இவற்றைச் சின்ன அட்டைகளில் எழுதிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பாருங்கள். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் எழுதிக் கொடுத்த நோட்ஸில் பழையதுதான் இருக்கும்.

ஆர்டிஆருக்கு திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டே போதும். வருகிற வண்டியின் எண்ணைப் பார்த்து ரேடியோ உச்சரிப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஎன் 50 என்றால் 'டேங்கோ நவம்பர் ஃபைஃப் ஜீரோ'. கும்பகோணம் வண்டி வந்தால் சிக்ஸ் எய்ட், தஞ்சாவூர் என்றால் ஃபோர் நைனர். வேகமாகப் போகிற வண்டியையும் தடுமாறாமல் சொல்ல வந்துவிட்டால், ஒரு தோழியைப் பிடித்து ஃபோனில் ஒருவர் டவர் (கட்டுப்பாட்டுக் கோபுரம்), ஒருவர் பைலட் என்று பேசுங்கள். டவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது ஓடுபாதை எண்ணை விட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி மறுபடி சொல்ல வையுங்கள்.

இனிமேல் கேள்வி வங்கிக்கு வரலாம். தப்பு போன ஒவ்வொரு கேள்விக்கும் தனி நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாகப் படித்தேனா, கணக்கில் பிசகா, அலகு மாறியதா. ஒரு வாரம் எழுதினால் உங்கள் பலவீனம் எங்கே என்று நோட்டே சொல்லும். என்னிடம் படித்த திருக்காட்டுப்பள்ளித் தம்பி ஒருவன் தனக்கு வானிலையே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். நோட்டைப் பார்த்தால் பெரும்பாலும் 'நாட்' (not), 'எக்ஸப்ட்', 'அன்லெஸ்' என்ற ஆங்கிலச் சொற்களைத் தாண்டிப் போனதால் வந்த தப்பு. பாடம் அவனுக்கு நன்றாகவே தெரியும். கேள்வியின் கடைசிச் சொல்வரை விரலால் தொட்டுப் படிக்கப் பழக்கினேன்.

நேர அட்டவணையை ஊரைப் பார்த்துப் போடுங்கள். ஆடியில் கோயில் மைக் செட் சாயங்காலம் ஆரம்பித்துவிடும், அந்த மாதம் கணக்கை விடியற்காலைக்கு மாற்றுங்கள். தை அறுவடையில் வீட்டில் ஆள் தேவைப்படும், அந்த வாரம் அட்டைகள் மட்டும். தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள், தூங்காத மறுநாள் மனக்கணக்குத்தான் முதலில் போகும்.

தேர்வுக்கு முந்தைய நாளே சென்னை போய்விடுங்கள். ஹாலில் முதல் சுற்றில் தெரிந்ததை மட்டும் முடியுங்கள், நீளக் கணக்குகளை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளுங்கள். மார்க் குறையாது என்பதால் ஒன்றையும் காலியாக விடாதீர்கள். வெளியே வந்ததும், யாரோடும் விடையைப் பேசுவதற்கு முன்னால், எந்தெந்தத் தலைப்பில் தயங்கினீர்களோ அவற்றை அந்தத் தப்பு நோட்டில் எழுதிவிடுங்கள். தேறிவிட்டாலும் அந்தப் பக்கம் வேண்டும், பின்னால் வேலைக்கான நேர்காணலில் அதே இடங்களில்தான் துருவிக் கேட்பார்கள்.