ரிலாக்ஸரை நிறுத்திவிட்டு இயல்பு முடிக்குத் திரும்புகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிலாக்ஸர் போட்டு நேராக்கிய முடி போதும், பிறவியிலேயே இருந்த சுருள் முடிக்குத் திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் தேடுவது ஒரு பொருளைத்தான். நேராகிப்போன முடியை மறுபடி சுருள வைக்கிற எண்ணெய், மாஸ்க், சீரம் ஏதாவது இருக்கிறதா? கிடையாது. இதை மனது ஏற்றுக்கொள்ளாததால்தான் மீதித் தவறுகளில் பாதி நடக்கின்றன.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து, முடிக்கு உருவம் கொடுப்பவை கந்தகப் பிணைப்புகள். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுமையான காரம் உள்ள ரிலாக்ஸரின் பிஎச் அளவு, அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், பெரும்பாலும் 12-க்கு மேல் இருக்கும். அது இந்தப் பிணைப்புகளில் பலவற்றை உடைத்து, பழைய நிலைக்குத் திரும்ப முடியாத வேறு வகைப் பிணைப்பாக மாற்றிவிடுகிறது. ‘லை (சோடியம் ஹைட்ராக்சைடு) இல்லாதது’ என்று எழுதி விற்கிற ரிலாக்ஸரும் காரம்தான், ஏமாற வேண்டாம். முடியை நேராக்கும் இன்னொரு முறையான ரீபாண்டிங்கில் பொதுவாகத் தயோகிளைகோலேட் வகை ரசாயனம் பிணைப்புகளை உடைக்கும். முடியை நேராக இழுத்து அயர்ன் செய்தபின் இன்னொரு மருந்தால் அப்படியே பூட்டிவிடுவார்கள். வழி வேறு, முடிவு ஒன்று: மருந்து பட்ட முடி பட்டதுதான். வேரிலிருந்து புதிதாக வருவது மட்டுமே இயல்பு முடி. அது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. முதல் 1.25 செ.மீ. வரை வளரும். சுருள் முடி சுருங்கிக்கொள்வதால், வளர்ந்த நீளத்தில் பாதிகூட கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ‘ஆறு மாசமாச்சு, வளரவே இல்லை’ என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆக, இந்தக் காலம் முழுக்க ஒரே தலையில் இரண்டு விதமான முடி இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பாவித்துப் பழைய பழக்கத்தையே தொடர்வதுதான் பெரிய தவறு. தனியாக ஒரு முடியை எடுத்து நனைத்து, விரல்களுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். வேர்ப்பக்கம் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிற்கும். கீழ்ப்பகுதி நூல் போலத் துவண்டு தொங்கும். இரண்டும் சந்திக்கிற அந்த இடம்தான் முடியிலேயே பலவீனமானது. மேலே உள்ளது ஒரு விதமாக இழுபடுகிறது, கீழே உள்ளது இன்னொரு விதமாக. சீப்பின் இழுவை மொத்தமும் அந்த ஒரு புள்ளியில் விழுகிறது.

காய்ந்த முடியில், வேரிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பாகச் சீவினால் முடி அந்த இடத்தில்தான் அறும். கண்டிஷனர் தாராளமாகப் பூசிய ஈர முடியில், முதலில் விரலால், அப்புறம் அகலமான பல் உள்ள சீப்பால் சிக்கு எடுங்கள். நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை அந்தச் சந்திப்புக்குப் போகாது. தலை முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல், நான்கைந்து பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் பிடிக்கும்தான், வேறு வழியில்லை.

சீப்பில் முடியைப் பார்த்ததும் பதறுவதும், பார்த்தும் கண்டுகொள்ளாமல் விடுவதும் இரண்டுமே நடக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் அது காலம் முடிந்து வேரோடு உதிர்ந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் அறுந்த முடி. குமிழ் உள்ளது அளவுக்கு மீறிக் கொட்டினால் காரணம் உடம்பிலோ தலைத்தோலிலோ இருக்கலாம். துண்டுகள் அதிகமானால் நீங்கள் முடியைக் கையாளும் விதத்தில் இருக்கிறது.

அடுத்தது, நாலைந்து மாதத்தில் வருகிற சபலம். வேர் புடைத்துக்கொண்டு நிற்கும், நுனி படிந்து கிடக்கும், கண்ணாடியைப் பார்க்கவே பிடிக்காது. அப்போதுதான் யாராவது ‘முழுசா வேண்டாம், லேசா டெக்ஸ்சரைசர் போட்டுக்கோ’ என்பார்கள். டெக்ஸ்சரைசர் என்பது குறைந்த நேரம் வைத்துக் கழுவுகிற ரிலாக்ஸர், அவ்வளவுதான். அதைப் போட்ட அன்றே வளர்ந்ததெல்லாம் மறுபடி மருந்து பட்ட முடியாகிவிடும். இதைவிட ஆபத்தானது, ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் பட்ட முடிமேல் தயோகிளைகோலேட் மருந்து படுவது. இரண்டும் ஒத்துப்போகாது; முடி கொத்தாக அறுந்து கையோடு வரும். ‘கெரட்டின் ட்ரீட்மென்ட்’ என்ற பெயரில் முடியை வழவழப்பாக்கச் செய்யும் ஸ்மூத்தனிங்கும் இந்தச் சமயத்துக்கு உதவாது. அவற்றில் சில, சூடு படும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுபவை. அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

மருந்தைத் தொடாமல் ஸ்ட்ரெயிட்னரை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. வேரை நுனியோடு பொருந்த வைக்க வாராவாரம் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இழுத்தால், புதிதாக வந்த முடியும் சுருளை இழந்துவிடும். ஒரு வருடம் காத்திருந்து, கடைசியில் சூட்டில் வெந்த நேர் முடியோடு நிற்பதில் என்ன லாபம்? நேராக இருப்பதைச் சுருள வைத்துப் பொருத்துவதுதான் சரியான திசை. ஈர முடியை இரண்டிரண்டு புரியாக முறுக்கி, நுனியில் சின்ன ரோலர் சுற்றி, காய விடுங்கள். பிரிக்கும்போது வேரும் நுனியும் ஏறக்குறைய ஒரே அலையில் இருக்கும். உள்ளே துளி ஈரம் இருக்கும்போதே பிரித்தால் அரை மணியில் எல்லாம் கலைந்துவிடும். அவசரப்படுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பொருள்கள் விஷயத்தில் சுருக்கமாக. எண்ணெய் முடிக்கு ஈரம் தராது. உள்ளே இருக்கிற ஈரம் சீக்கிரம் போகாமல் தடுக்கும். அதனால் வறண்ட முடியில் எண்ணெயை அப்பிவிட்டு ‘இன்னும் வறட்சியா இருக்கே’ என்பதில் அர்த்தமில்லை. முதலில் தண்ணீர், அப்புறம் கண்டிஷனர், மேலே கொஞ்சம் எண்ணெய். உடைகிறது என்று புரத மாஸ்க்கை அடிக்கடி போட்டால் முடி விறைத்து இன்னும் உடையும்.

கத்தரிக்கோல் விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரே நாளில் நேர் முடி மொத்தத்தையும் வெட்டுவது தவறில்லை, குட்டை முடி உங்களுக்குச் சம்மதம் என்றால். கோபத்தில் இரவு பதினொரு மணிக்கு வெட்டத் தொடங்குவதுதான் தவறு. மெதுவாகப் போக நினைப்பவர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியைக் குறைத்துக்கொண்டே வரலாம். நீளத்தை விட மனமில்லாமல் பிளந்த நுனியைக் காப்பாற்றி வைத்தால், பிளவு மேலே ஏறி இன்னும் அதிகமாக வெட்ட வைக்கும்.

இரண்டு விதமான முடியையும் மறைக்க இறுக்கப் பின்னிக்கொள்வது, கனமான செயற்கை முடி சேர்ப்பது, மாதக்கணக்கில் ஒரே பின்னலில் விடுவது, இவை முடியை விட வேரைத்தான் கெடுக்கின்றன. பின்னிய அன்று தலை வலித்தாலோ, நெற்றியோரம் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தாலோ அன்றைக்கே தளர்த்திவிடுங்கள். இழுவையால் வரும் முடி இழப்பை ஆரம்பத்தில் நிறுத்தினால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்கில் இழுபட்டு வேர் தழும்பாகிப்போன இடத்தில் முளைக்காது. நெற்றியோரமோ வகிடோ அகலமாவது தெரிந்தால், அடுத்த எண்ணெயைத் தேடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது, எந்த மருந்தை எத்தனை வருடம் போட்டீர்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள்.