‘டீப்பன்’: ஆழ்த்துவதும் ஆழமாவதும் ஒன்றா?

காசிமேட்டில் மாலை வகுப்பு எடுக்கிறேன். பிளஸ் டூ மாணவி ஒருத்தி இரங்கல் கடிதம் ஒன்றை எழுதிக் காட்டினாள். ‘அவருடைய மறைவு எங்களைத் துயரத்தில் ஆழ்த்தியது’ என்று சொல்ல நினைத்து, ‘ஹிஸ் டெத் டீப்பன்ட் அஸ் இன் சாரோ’ என்று எழுதியிருந்தாள். மனம் நெகிழ்ந்துதான் படித்தேன். ஆனால் ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் நிற்காது.

அவளைத் தடுக்கிவிட்டது நம் ‘ஆழ்த்து’தான். தமிழில் ஆழ்த்துவது என்றால் ஒருவரை ஒன்றுக்குள் அமிழ்த்துவது. ‘டீப்பன்’ யாரையும் எதற்குள்ளும் அமிழ்த்தாது. ஏற்கெனவே இருக்கும் ஆழம் இன்னும் கூடுவதையே சொல்லும். துயரம் ஆழமாகலாம்: ‘மை சாரோ டீப்பன்ட்’. நம்மை அமிழ்த்துவதற்கு ‘பிளஞ்ச்’ இருக்கிறது: ‘பிளஞ்ச்ட் அஸ் இன்டு கிரீஃப்’. எழுதும் முன் ‘எதன் ஆழம் கூடுகிறது?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடையாக ஓர் ஆள் வந்தால், வேறு சொல்லைத் தேடுங்கள்.

வேலைக்கான விண்ணப்பங்களில் ‘டீப்பன் மை இங்கிலீஷ்’ என்று எழுதுவதும் இதே தடுமாற்றம்தான். அங்கே ‘இம்ப்ரூவ்’ போதும். ஒரு துறையில் உள்ள அறிவை ஆழமாக்க விரும்பினால் ‘டீப்பன் மை நாலெட்ஜ் ஆஃப்’ என்று எழுதி, துறையின் பெயரைச் சேருங்கள்.

‘ஆழமாகு’, ‘ஆழமாக்கு’ என்று தன்வினை, பிறவினையாக நாம் பிரிப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. கரையை விட்டுப் போகப் போகக் கடல் ஆழமாகிறது: ‘தி சீ டீப்பன்ஸ்’. இங்கே ‘இஸ் டீப்பன்ட்’ என்று போட்டால் யாரோ கடலைத் தோண்டியதுபோல் ஆகிவிடும். கால்வாயை ஆழப்படுத்துவதற்கும் வெறும் ‘டீப்பன் தி கனால்’ போதும். முன்னால் ‘மேக்’ வேண்டாம். ‘டீப் தி கனால்’ என்பதும் பிழை; ‘டீப்’ இங்கே வினைச்சொல் ஆகாது.

பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாருவது பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னபோது, பாதிப்பேர் ‘டீப்பன்’ என்றே எழுதினார்கள். மகனை அழைத்துப்போக வந்த, படகில் தொழிலுக்குப் போகும் ஒருவர் வாசலிலிருந்தே சொன்னார்: “சேற்றை எடுத்தால் பழைய பாகம் திரும்பி வரும். ஆழப்படுத்துவது அதற்கும் கீழே போவது.” இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், கடல் ஆழத்தை அவர்கள் அளக்கும் அளவு அது. எனக்கு அதைவிட நல்ல விளக்கம் தெரியவில்லை. தூர்வாருவதற்கு ‘டீசில்ட்’ என்று எழுதுங்கள்.

தண்ணீருக்கு வெளியேயும் இந்தச் சொல்லுக்கு வேலை உண்டு. நெருக்கடி முற்றுவது, நட்பு இறுகுவது, மாலை இருட்டுவது எல்லாமே ‘டீப்பன்’தான். பையனின் ‘வாய்ஸ் டீப்பன்ட்’ என்றால் குரல் கட்டையானது என்று பொருள். சத்தம் கூடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறம் ‘டீப்பன்’ ஆனால் அடர்ந்தது என்று பொருள். அதைத் தமிழில் ‘ஆழமான நீலம்’ ஆக்க வேண்டாம், ‘அடர்நீலம்’ இருக்கிறது.

இறந்தகாலத்தில் ‘என்’ எழுத்தை இரட்டிக்கக் கூடாது. இதன் அச்சில் ‘லாங்கன்’, ‘ஹையன்’ என்று புதிதாக வார்க்கவும் முடியாது. அந்தப் பொருளுக்கான வினைகள் ‘லெங்த்’, ‘ஹைட்’ என்ற பெயர்ச்சொற்களிலிருந்து ‘லெங்தன்’, ‘ஹைட்டன்’ என்று வருகின்றன.